சாயாத இரண்டு எண்கள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. இந்தச் சாரல் இப்போதைக்கு விடப்போவதில்லை. கையில் இருக்கிற சாயா ஆறுவதற்குள் ஒன்று சொல்லி முடிக்கிறேன். ராஜா ராணி கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. பத்து போல்ட்டை முடுக்கின கதை. அதில் என்ன கதை என்று சிரிக்காதீர்கள். ஒரு மனுசனுடைய நெஞ்சாங்கூடு அந்தப் பத்து போல்ட்டில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

எழுபத்து மூன்றாம் வருசம், கார்த்திகை மாதம். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே நாலு மைலில் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே ஃபேக்டரியை ஒட்டிய ஒர்க்‌ஷாப்பில் பிச்சைமணி ஃபிட்டராக இருந்தான். அவன் பெண்சாதி வேலுத்தாய் மலையில் கொழுந்து எடுப்பவள். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களில், மூன்றாம் லயத்தின் கடைசி வீடு அவர்களுடையது.

பிச்சைமணி பிறவி ஃபிட்டர் இல்லை. ஆறு வருசம் மருந்து அடிக்கிற கூட்டத்தில் இருந்தவன். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, தேயிலைக்குத் துருசு என்கிற நீல மருந்து தெளித்தவன். சாயங்காலம் லயத்துக்கு வரும்போது புருவம்கூட நீலமாக இருக்கும். ஆறாவது மழைக்கு இருமல் பிடித்தது. படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்தபடியே விடியும். வேலுத்தாய் அவன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், இனி ஒரு மழைக்கு இந்த நெஞ்சு மருந்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். பழுதான பம்புகளைப் பிரித்துப் பூட்டத் தெரியும் என்பதால் ஒர்க்‌ஷாப்பில் ஒரு இடம் கிடைத்தது. மூன்று வருசத்தில் இருமல் இறங்கிவிட்டது. அவன் குறட்டை விட்டுத் தூங்குவதைக் கேட்டு வேலுத்தாய் சந்தோசப்பட்டாள் என்றால் நம்புவீர்களா? குறட்டைக்குச் சந்தோசப்பட்ட பெண்ணை நான் அவள் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த எஸ்டேட்டுக்கு சின்னத்துரையாக, அதாவது உதவி மேனேஜராக, ஒரு கோட்டயத்துக்காரர் வந்தார். கல்யாணம் ஆகாதவர். தாய்க்கு ஒரே பிள்ளை. அவரோடு ஒரு பந்தயக் காரும் வந்தது. பழைய சீமைக் கார். பின் சீட்டைப் பிடுங்கி, கதவில் இருபத்தேழு என்று எழுதியிருந்தது. அது கிளம்பினால் லயத்தில் தொட்டில் பிள்ளைகள் எழுந்துவிடும். எஞ்சின் வேலைக்கு அவர் பிச்சைமணியைக் கூட்டு சேர்த்துக்கொண்டார். தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை அவர் வாசித்து வாசித்துச் சொல்வார்; இவன் செய்வான்.

ஐப்பசியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயம். ஆறாவது சுற்றில் கார் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. எஞ்சினின் அடிக்கட்டைக்கு பிளாக் என்று பெயர். அதன் மேல் மூடி ஹெட்டு. இரண்டுக்கும் நடுவில் செப்புத் தகடு வைத்த கேஸ்கட் ஒன்று உண்டு. நெருப்பையும் தண்ணீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரிப்பது அதுதான். அது ஒரு ஓரத்தில் கருகிப்போயிருந்தது. கேஸ்கட் மட்டமான சரக்கு என்று பிச்சைமணி சொன்னான். சொன்னபோது அப்படித்தான் நினைத்தான். சின்னத்துரை மெட்ராஸுக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதி, புதிதாக இரண்டு கேஸ்கட் வரவழைத்தார்.

பெரியதுரைக்கு, அதாவது மேனேஜருக்கு, இந்த விளையாட்டே பிடிக்கவில்லை. எஸ்டேட் ஃபிட்டர் எஸ்டேட் வேலை பார்த்தால் போதும் என்றார். தைக்குப் பிறகு சோழவரத்தில் நடக்கிற பந்தயத்துக்கு மட்டும் சம்மதித்தார். மறுபடி தண்ணீர் ஒழுகினால் கார் கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், ஃபிட்டர் மருந்துக் கூட்டத்துக்குத் திரும்பிப் போவான் என்று ஆபீசில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

மருந்துக் கூட்டத்தின் கங்காணி பெரியமுத்து. வாய்த் துடுக்குக்காரர், ஆனால் மனசில் ஒன்றும் கிடையாது. மறுநாளே ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று கேட்டார்.

"பிச்சை, ஒம் பம்பைத் தொடைச்சு வச்சிருக்கேன். வாரு மட்டும் அந்துபோச்சு. புதுசு போடவா, பழசே போதுமா?"

பிச்சைமணி சிரித்தான். வீட்டுக்கு வந்து அதை வேலுத்தாயிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எஞ்சினை மூடுகிற நாள். சின்னத்துரை காலையில் வந்து புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இந்தத் தடவை இறுக்கம் போதாமல் ஒழுகக் கூடாது, புத்தகம் அறுபது என்கிறது, நாம் எழுபது வைப்போம் என்றார். அறுபது வரை நீயே வை, கடைசிப் பத்தை நான் வந்த பிறகு வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பீர்மேடு கோயிலுக்குப் பூசைக்குப் போனார்.

அறுபது, எழுபது என்பது கை பலத்தின் கணக்கு. டார்க் ரெஞ்ச் என்று ஒரு நீளமான ஸ்பேனர். கைப்பிடியில் அளவைத் திருகி வைத்துவிட்டு முடுக்க வேண்டும். அந்த அளவு பலம் விழுந்ததும் உள்ளே 'டிக்' என்று சத்தம் கேட்கும். அதற்கு மேல் கை போகக் கூடாது.

பிச்சைமணி மூடுவதற்கு முன்னால் பிளாக்கைத் துடைத்தான். பிறகு மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியை எடுத்து, போல்ட் இறங்குகிற பத்துக் குழிகளிலும் எண்ணெய் விட்டான். அது அந்த ஃபேக்டரியின் வழக்கம். வருசத்தில் பத்து மாசம் ஈரம் சொட்டுகிற மலை. காயவைத்த துணியே காயாது. எண்ணெய் விடாமல் பூட்டின போல்ட் அடுத்த வருசம் துருவேறிக் கழுத்தோடு முறியும். முந்தின ஃபிட்டர் ஏசுரத்தினம் காலத்திலிருந்து, இலை உருட்டுகிற மெஷினானாலும் தண்ணீர் பம்பானாலும் குழி நிறைய எண்ணெய் விட்டுத்தான் பூட்டுவார்கள். எண்ணெய் விடாத ஃபிட்டரைச் சோம்பேறி என்பார்கள்.

கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை இறக்கி, பத்து போல்ட்டையும் கையால் திருகி உட்கார வைத்தான். முடுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓரத்திலிருந்து வரிசையாகப் போகக் கூடாது. நடுவில் தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வெளியே போக வேண்டும். காலண்டர் படத்தைக் கஞ்சி தடவிச் சுவரில் ஒட்டும்போது நடுவிலிருந்துதானே தடவிக்கொண்டு போவோம்? ஓரத்தை முதலில் அமுக்கிவிட்டால் நடுவில் குமிழ் நின்றுவிடும். முதல் சுற்று இருபது. அது முடிந்ததும் வரிசை மறக்காமல் இருக்க ஒவ்வொரு போல்ட் தலையிலும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எழுதினான். எல்லா எண்களையும் தன்னைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும்படி எழுதினான். பிறகு நாற்பது. பிறகு அறுபது. டிக், டிக் என்று ஒர்க்‌ஷாப்பில் பல்லி கத்துவது போலச் சத்தம்.

கடைசிச் சுற்று முடிகிற நேரம் வேலுத்தாய் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தூக்குச்சட்டியில் மசித்த மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும். மணி ஒன்று தாண்டியிருந்தது.

"சாப்பிட்டுட்டுப் பண்ணா இரும்பு எந்திரிச்சு ஓடிரவா போவுது?"

"செத்த இரு வேலு. நடுவுல விட்டா கை மறந்துரும்."

அவள் காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பத்தாவது போல்ட்டும் 'டிக்' என்றது. பிச்சைமணி ரெஞ்ச்சை வைத்துவிட்டுக் கையைக் கந்தையில் துடைத்தான். அவள் சட்டியைத் திறக்காமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது ரெண்டு மட்டும் ஏன் நட்டமா நிக்கு?"

"எது?"

"மத்ததெல்லாம் தலையைச் சாய்ச்சுக் கெடக்கு. இந்தக் கோடியில உள்ள ரெண்டும் விறைச்சுக்கிட்டு நிக்குதே."

"அது ஒம்பது, பத்து. கடைசி ரெண்டு."

"அது என்னமோ இருந்துட்டுப் போவட்டும். எனக்கு எழுத்தா தெரியும்? நிக்கா, படுத்திருக்கான்னு தெரியாதா?"

"டிக்குன்னு சத்தம் கேட்டுச்சுல்லா. அது கேட்டா ஆச்சு."

"சத்தத்தைக் காது கேட்டுச்சு. கண்ணு எங்க போயிருந்துச்சு?"

சட்டிக்கு நீட்டின கையைப் பிச்சைமணி இழுத்துக்கொண்டான். எழுந்து வந்து குனிந்து பார்த்தான். அவள் சொன்னது சரி. ஒன்று முதல் எட்டு வரை எல்லா எண்களும் முடுக்கின பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தன. ஒன்பதும் பத்தும் எழுதின மாதிரியே, இம்மியும் அசையாமல் நின்றன. இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவில் அந்த இரண்டு போல்ட்டும் திரும்பவே இல்லை. ஆனால் சத்தம் மட்டும் கொடுத்திருக்கின்றன.

பத்தாவதைக் கழற்றினான். போல்ட் வெளியே வந்ததும் அதன் பின்னாலேயே எண்ணெய் ததும்பி ஹெட்டின் மேல் வழிந்தது. ஒரு ஈர்க்குச்சியைக் குழிக்குள் விட்டு ஆழம் பார்த்தான். எட்டாவதையும் கழற்றி அதிலும் விட்டுப் பார்த்தான். கோடியில் உள்ள குழிகள் விரற்கடை ஆழம் குறைவு. மற்ற எட்டிலும் அதிகப்படி எண்ணெய் போல்ட்டின் மரை வழியாக மேலே ஏறித் தப்பித்துவிட்டது. இந்த இரண்டிலும் போக இடமில்லாமல் அடியில் சிறைப்பட்டுவிட்டது.

சுவரில் ஆணியில் தொங்கிய பழைய கேஸ்கட்டை எடுத்து வந்து ஹெட்டின் மேலேயே வைத்துப் பார்த்தான். கருகின இடம் சரியாக ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் விழுந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஆச்சு?"

"எண்ணெய் அமுங்காது வேலு. போல்ட் அதும்மேல போய் முட்டிக்கிட்டு நின்னுருக்கு. நான் கேட்டது ஹெட்டு இறுகின சத்தம் இல்ல. எண்ணெயில முட்டின சத்தம்."

"அப்ப போன தடவையும்…"

"போன தடவையும் நாந்தான். கேஸ்கட்டு மேல பழியப் போட்டேன்."

வேலுத்தாய் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாரலைத் தவிர யாரும் இல்லை.

"சரி, இப்பத் தெரிஞ்சுபோச்சுல்லா. ஒண்ணொண்ணாக் கழட்டி, எண்ணெயத் தொடைச்சுட்டு, மூடுங்க. யாரு பாத்தா?"

"எழுபது வைக்கச் சொல்லிருக்காகளே. அறுபதுல இறுகாததுனாலதான் அவுக எழுபதுங்காக. குழி காஞ்சிருந்தா அறுபதே சரி. எழுபது வச்சா போல்ட்டு நீண்டு தளந்துரும், மறுபடி ஒழுகும்."

"அறுபதே போதும்னு சொல்லுங்க."

"ஏன்னு கேப்பாக."

"கேஸ்கட்டு புதுசு, நல்ல சரக்குன்னு சொல்லுங்க."

"அவுக கையில புத்தகம் இருக்கு."

"ஒங்க நெஞ்சு அந்தப் புத்தகத்துலயா இருக்கு? ராவெல்லாம் ஒக்காந்து முதுகைத் தடவுனவ நானு. மறுபடியும் அந்தப் பம்பைத் தூக்குனீங்கன்னா அடுத்த கார்த்திகைக்கு நான் யாருக்குச் சோறு கொண்டாருவேன்?"

அவன் எண்ணெய் வழிந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அந்தக் காரு நூறு மைல் வேகத்துல போவுது வேலு. அம்புட்டு வேகத்துல எண்ணெயில தண்ணி கலந்து எஞ்சின் இறுகிப் பிடிச்சா வண்டி குப்புற அடிச்சுரும். உள்ள இருக்கது அவுக. போன தடவை பொகையோட போச்சு. கேஸ்கட்டு மேல பழி போட்டது தெரியாமச் சொன்ன பொய்யி. இப்பத் தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சொல்ல?"

அவள் பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து கிழங்கை மூடியில் எடுத்து வைத்து, குழம்பை ஊற்றி, அவன் முன்னால் நகர்த்தினாள்.

"மொதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்தோட சொன்னா கொரலு நடுங்கும்."

அவன் சாப்பிட்டான். மீனின் முள்ளை அவளே எடுத்துப்போட்டாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல.

சின்னத்துரை இரண்டரைக்கு வந்தார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். "பிச்சை, அறுபது தீர்ந்தோ?" என்றார். அப்புறம்தான் கழன்று கிடந்த போல்ட்டுகளைப் பார்த்தார்.

பிச்சைமணி ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. எண்ணெய் விட்டது, எண்கள் சாயாதது, ஈர்க்கு வைத்து அளந்தது, பழைய கேஸ்கட் கருகின இடம், எல்லாவற்றையும் நடந்த வரிசையில் சொன்னான். குரல் நடுங்கவில்லை. வேலுத்தாய் எழுந்து நின்று கொண்டையைத் திருத்திக்கொண்டேயிருந்தாள்.

"எண்ணெயோ? போல்ட் குழியிலோ? ஆரு சொன்னது?"

"யாரும் சொல்லலை தொரை. இங்க எப்பவும் அப்படித்தான். நல்லதுன்னு நெனைச்சுத்தான் விட்டேன். போன தடவை ஒழுகினது கேஸ்கட்டால இல்ல. என்னாலதான்."

சின்னத்துரை புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைத் தேடி, விரலை ஒரு வரியில் வைத்தார். முகம் சிவந்தது. கோபம் என்று வேலுத்தாய் நினைத்தாள். அது வெட்கம்.

"குழியெல்லாம் சுத்தமா, உணங்கிக் காஞ்சு இருக்கணும்னு இங்க ஒரு வரி உண்டு. ஞான் வாயிச்சதாணு. ஃபிட்டருக்கு இது அறியும்னு நெனைச்சு, சொல்லாம விட்டேன்."

"எனக்குத் தெரியாதே தொரை."

"அறியாதுன்னு எனக்கும் அறியாம போச்சு."

அவர் புத்தகத்தை மூடி, சட்டைக் கையை மடக்கினார். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஒருமுறை அமுங்கின கேஸ்கட் வேண்டாம் என்று சொல்லி, பங்களாவில் இருந்த இரண்டாவதை எடுத்து வரப் போனார். எண்கள் சாயாததைக் கண்டுபிடித்தது யார் என்று போகிறபோக்கில் கேட்டார். பிச்சைமணி பெண்சாதியைக் காட்டினான். அவர் அவளைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

மிச்ச போல்ட்டுகளையும் கழற்றி, ஹெட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். வேலுத்தாய் தன் குடையில் ஒடிந்து தொங்கிய கம்பியைப் பிடுங்கிக் கொடுத்தாள். பிச்சைமணி அதில் வேட்டிக் கிழிசலைச் சுற்றி, குழி குழியாக விட்டுத் துடைத்தான். ஒவ்வொரு குழிக்கும் துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை விட்டான். போல்ட்டின் மரையில் விரலால் தொட்டு வைத்த அளவுக்குத்தான் எண்ணெய். புதுக் கேஸ்கட்டை வைத்து ஹெட்டை இறக்கி, மறுபடி நடுவிலிருந்து. இருபது. சாக்பீஸ். நாற்பது. அறுபது. இந்தத் தடவை மூன்று பேரும் சத்தத்தைக் கேட்கவில்லை, எண்களைப் பார்த்தார்கள். பத்தும் ஒரே பக்கமாக, காற்றில் சாய்ந்த புல் மாதிரி சாய்ந்தன.

எஞ்சின் காருக்குள் ஏறி உட்கார்ந்தபோது வெளிச்சம் இருந்தது. சின்னத்துரை குட்டிக்கானம் ஏற்றம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். எண்ணெயில் தண்ணீரின் தடமே இல்லை. ஆனாலும் மருந்துக் கூட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்ததைப் பெரியதுரையிடம் சொல்லாமல் இருக்க முடியாது, காலையில் பெரட்டுக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னார்.

பெரட்டுக்களம் தெரியுமல்லவா? காலையில் எல்லோரையும் நிறுத்தி, அன்றைக்கு யாருக்கு எந்த வேலை என்று பேர் கூப்பிடுகிற இடம். திங்கட்கிழமை மழை விட்டு, புகைமாதிரி மஞ்சு மட்டும் நின்றது. வேலுத்தாய் கூடையோடு கொழுந்துப் பெண்கள் வரிசையில் நின்றாள். பிச்சைமணி எந்த வரிசையிலும் நிற்காமல் கொட்டகை ஓரமாக நின்றான். பெரியமுத்து கங்காணி தாளைப் பிரித்து மருந்துக்குப் பேர் கூப்பிட்டார். காளிச்சாமி. சின்னமுத்து. சுவக்கீன். ஒவ்வொரு பேருக்கும் வேலுத்தாய் கூடைக் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பதினாலு பேர் ஆனது. கங்காணி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"அம்புட்டுத்தான். பிச்சை, ஒம் பம்பை சின்னமுத்துக்குக் குடுத்துட்டேன்டா. வாரு போட்ட கூலி எனக்கு நட்டம்."

பெரியதுரை சின்னத்துரையிடம் சொன்னது பிறகுதான் லயத்துக்குத் தெரிய வந்தது. தப்பு எந்தக் குழியில் இருக்கிறது என்று தெரிந்தவனை மருந்துக்கு அனுப்பிவிட்டு, தெரியாத ஒருவனைத் தேடிக்கொண்டு இருக்கச் சொல்கிறாயா என்று கேட்டாராம். கையோடு ஒரு வேலையும் கொடுத்தார். ஃபேக்டரியில் உள்ள மெஷின்களில் அடிப்பக்கம் மூடிய போல்ட் குழி எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் திறந்து, துடைத்து, மறுபடி பூட்ட வேண்டும். நூற்றுப் பதினெட்டு இருந்தது. பிச்சைமணிக்கு அது முடியத் தை பிறந்துவிட்டது.

கார் சோழவரம் போனது. ஜெயிக்கவில்லை, பதினோரு காரில் ஆறாவதாக வந்தது. ஆனால் எல்லாச் சுற்றும் ஓடி முடித்தது. சின்னத்துரை அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை, கடைசிப் பேர் முடிந்ததும் வேலுத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். "நட தாயி, கொழுந்து முத்திரும்" என்று பின்னால் நின்ற ராமுத்தாய் முதுகில் தட்டினாள். அப்போதுதான் அவள் மூச்சை விட்டாள். மலையேறிப் போகிறபோது கீழே ஃபேக்டரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒர்க்‌ஷாப் கதவை அவள் புருசன் இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்து, கல் வைத்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிரைக்குள் இறங்கினாள். அன்றைக்கு அவள் எடுத்த கொழுந்துதான் அந்த நிரையிலேயே அதிகம் என்று சொல்வார்கள்.

அவ்வளவுதான், என் கண்ணுகளே. பொறுமையாகக் கேட்ட உங்கள் வீட்டு அடுப்பு இந்த மழையிலும் நனையாமல் எரியட்டும். வேலைக்குப் போனவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வாசல் மிதிக்கட்டும். உங்களில் யாராவது ஒருநாள் தப்பைச் செய்துவிட்டு அதைச் சொல்ல வந்து நின்றால், முதலில் ஒரு வாய் சோறு போட்டுவிட்டுக் கேட்கிற மனுசர் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.